வயிற்றுக்கு ஒரு நாட்குறிப்பு

குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் அருகிலுள்ள இலஞ்சியிலும் குளிர்ந்த காற்று வீசும். அந்நாட்களில் வயிறு உப்பினால், சாரல் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் சாரல் நின்று, கார்த்திகை பிறந்த பிறகும் அடிக்கடி வயிறு உப்பிப் பேதியானால்? காரணம் நீங்கள் காலையில் குடிக்கும் பாலாகவும் இருக்கலாம்!

பாலில் லாக்டோஸ் என்னும் சர்க்கரை உள்ளது. சிறுகுடலில் லாக்டேஸ் என்னும் நொதி அதை உடைக்கிறது. குழந்தைப் பருவத்திற்குப் பின் பலருக்கு இந்நொதி குறைந்துவிடுகிறது. உடைபடாத லாக்டோஸ் குடலுக்குள் நீரை இழுக்கிறது. பெருங்குடலில் பாக்டீரியாக்கள் அதிலிருந்து வாயுவை உண்டாக்குகின்றன. உப்புசத்துக்கும் பேதிக்கும் காரணம் புரிகிறதல்லவா?

உடனே பாலை அறவே நிறுத்திவிடாதீர்கள். வளரும் எலும்புக்குக் கால்சியம் வேண்டுமே! முதலில் மருத்துவரைப் பாருங்கள். எடை குறைந்தாலோ மலத்தில் இரத்தம் கண்டாலோ தாமதிக்கக் கூடாது. வேறு நோய் இல்லையென்றால் உணவியல் வல்லுநரின் உதவியை நாடலாம்.

அவர் உங்களை ஒரு நாட்குறிப்பு எழுதச் சொல்வார். என்ன உண்டீர்கள், எவ்வளவு, எத்தனை நேரம் கழித்துத் தொல்லை வந்தது? ஐயத்திற்குரிய உணவைச் சில நாட்கள் நிறுத்தி, பிறகு சிறிது சிறிதாகச் சேர்த்துப் பார்க்கச் சொல்வார். ஆய்வுக்கூடச் சோதனையைப் போலவே, ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும்.

பால் ஒத்துக்கொள்ளாத பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்கிறது. தயிரின் பாக்டீரியாக்கள் லாக்டோஸில் ஒரு பகுதியைச் சிதைத்துவிடுகின்றன. கேழ்வரகும் கைகொடுக்கும். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017-ஆம் ஆண்டு அட்டவணைப்படி 100 கிராம் கேழ்வரகில் 364 மில்லிகிராம் கால்சியம் உள்ளது.

எதை விலக்குவது என்பதோடு, அதற்கு ஈடாக எதை உண்பது என்பதையும் சொல்பவரே நல்ல உணவியல் வல்லுநர்.