மைசூர் ராசுபெரி

மைசூர் ராசுபெரி (தாவரவியல் பெயர்: ரூபசு நிவியசு) என்பது ரோசாக் குடும்பத்தைச் சேர்ந்த, முட்களுடன் படர்ந்து வளரும் புதர்ச்செடி ஆகும். பெயரில் மைசூர் இருப்பினும் இந்தியா, இலங்கை, சீனா, தென்கிழக்காசியா ஆகியவற்றின் மலைகளில் பரவலாக வளர்கிறது. மதுரைக்கு அண்மையில் இதனைக் காணக்கூடிய இடம் கொடைக்கானலை உள்ளடக்கிய பழனி மலையாகும். வெப்பமிக்க மதுரைச் சமவெளியில் இது இயற்கையாக வளர்வதில்லை. அங்கு வேலியோரங்களில் காணப்படும் கருநிறக் கொத்துப்பழம் பெரும்பாலும் உண்ணிச்செடியின் பழமாகும்.

அடையாளம்

தண்டின் மேல் வெண்ணிற மெழுகுப் படிவும் வளைந்த முட்களும் இருக்கும். இலை பல சிற்றிலைகளாகப் பிரிந்திருக்கும், அடிப்புறம் வெளுத்திருக்கும். பூ இளஞ்சிவப்பு நிறமுடையது. பழம் பல சிறுகனிகள் ஒன்றாக ஒட்டிய திரள்கனி. சிவந்து, பின் கருஞ்சிவப்பாகி, கருமையடையும். மேலே நுண்ணிய சாம்பல்நிற மயிர் காணப்படும். பழுத்ததைப் பறித்தால் நடுத்தண்டு செடியிலேயே தங்கிவிட, பழம் தொப்பி போல் உட்குழிவாகக் கையில் வரும். இதுவே நம்பத்தக்க அடையாளம்.

பழனி மலையில் வளரும் மற்றோர் இனமான ரூபசு எலிப்டிகசு மஞ்சள்நிறப் பழமும் மூன்று சிற்றிலைகளும் கொண்டது. அதுவும் உண்ணத்தக்கதே.

உண்ணிச்செடியுடன் மயக்கம்

வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த உண்ணிச்செடியின் தண்டு நாற்கோணமானது. பிரியாத இலைகள் எதிரெதிராக அமையும். கசக்கினால் நெடி வீசும். இதன் கொத்தில் ஒவ்வொரு பழமும் தனித்தனியாகப் பளபளக்கும், உள்ளே ஒரே கொட்டை இருக்கும். நன்கு கறுத்த பழத்தைச் சிறுவர் தின்பது ஊர்ப்புறங்களில் வழக்கம். ஆயினும் இலையும் பச்சைக்காயும் நச்சுத்தன்மை உடையவை. மேயும் கால்நடைகளுக்குக் கல்லீரல் பாதிப்பு உண்டாகிறது. காய் தின்ற குழந்தைகள் பற்றி அமெரிக்காவில் 1964 இல் வெளியான மருத்துவ அறிக்கையில் ஓர் இறப்பும் பதிவாகியுள்ளது. பிற்கால ஆய்வுகள் இத்துணைக் கடுமையைக் காணவில்லை எனினும், ஒரே கொத்தில் காயும் கனியும் கலந்திருப்பதால் குழந்தைகளை விலக்கி வைப்பதே நன்று. தின்றபின் வாந்தி, வயிற்றுப்போக்கு, தளர்ச்சி, மூச்சுத்திணறல் தோன்றினால் 108 ஐ அழைக்க வேண்டும். வாந்தியை வலிந்து வரவழைத்தல் கூடாது. செடியின் ஒரு கிளையை உடன் கொண்டு சென்றால் மருத்துவர் அடையாளம் காண உதவும்.

சமவெளியில் ராசுபெரியை ஒத்த, அச்சமின்றி உண்ணத்தக்க பழம் முசுக்கட்டை ஆகும். பட்டுப்புழு வளர்ப்போர் பயிரிடும் இதற்கு முள் கிடையாது. பறிக்கும்போது காம்பும் பழத்தோடு வரும். மருந்து தெளித்த தோட்டத்தில் மட்டும் பறித்தல் ஆகாது.