விறகாகும் மரம் கிண்ணமாகலாம்

தோட்டத்து வேலியில் நிற்கும் பூவரசு காற்றில் சாய்ந்துவிட்டால், அதனை விறகுக்கு விற்றுவிடுவது நம் வழக்கம். ஆனால் பசிபிக் மாகடலிலுள்ள ஹவாய்த் தீவினர் அதே மரத்தைக் குடைந்து உணவுக் கலங்கள் செய்து வந்தனர். அவர்கள் ‘மிலோ’ என அழைப்பது நம் பூவரசையே. உணவின் சுவையை அது கெடுப்பதில்லை என்பதே காரணம். மரக் கிண்ணம் கடைதல், தறி ஓயும் மழை நாட்களுக்கும் அறுவடைக்குப் பிந்திய ஓய்வுக்கும் ஏற்ற பொழுதுபோக்காகும்.

கடைதல் என்ற சொல் தயிருக்கும் மரத்திற்கும் பொதுவானது. மத்தில் சுற்றிய கயிற்றை மாறி மாறி இழுப்பது போலவே, பழைய கடைசல் பட்டறையிலும் தண்டில் சுற்றிய கயிற்றை ஒருவர் இழுப்பார். மற்றொருவர் உளி பிடிப்பார். இன்று அந்த இழுக்கும் வேலையை மின் மோட்டார் ஏற்றுக்கொண்டது. உளி பிடிக்கும் திறனோ இன்றும் கையில்தான் இருக்கின்றது.

இக்கலையில் முதலில் கற்க வேண்டுவது பொறுமையாகும். ஈரப்பதத்திற்கேற்ப நூல் மாறுவதை நெசவாளர் அறிவர். மரமும் அத்தகையதே. உலரும்போது அது நீளவாட்டில் ஏறக்குறையச் சுருங்குவதில்லை. ஆண்டு வளையங்களின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிப்புறம் நோக்கிச் சுருங்குவதைப் போல் சுமார் இரு மடங்காகும். ஆகையால் பச்சை மரத்தில் வட்டமாகக் கடைந்த கிண்ணம் உலர்ந்தபின் நீள்வட்டமாகிவிடும். அவசரப்பட்டால் வெடித்தும் போகும்.

இதற்கு வழி உண்டு. கட்டையை நடுத்தண்டின் வழியே இரண்டாகப் பிளந்து, நடுப்பகுதியை நீக்கிவிட வேண்டும். 10 அங்குலக் கிண்ணமாயின் சுவரை 1 அங்குலத் தடிப்பில் விட்டு, முதலில் உருவம் மட்டும் கடைந்துகொள்க. வெட்டுமுனைகளில் மெழுகு பூசி, நிழலில் பல மாதங்கள் உலர விடுக. பின்னர் மீண்டும் பொறியில் ஏற்றி, விரும்பிய மெல்லிய வடிவுக்குக் கொணர்ந்து, தேன்மெழுகால் மெருகிடலாம். அரளி, எட்டி போன்ற நச்சு மரங்களை ஒருபோதும் தொடலாகாது.

பாதுகாப்பில் சிறிதும் அசட்டை கூடாது. தொங்கும் வேட்டி, தோள் துண்டு, தளர்ந்த சட்டைக்கை ஆகியவை சுழலும் கட்டையில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. முகக் கவசமும் தூசியைத் தடுக்கும் மூக்குத் துணியும் அவசியம். கட்டையைக் கையால் ஒருமுறை சுற்றிப் பார்த்த பிறகே விசையை இயக்க வேண்டும். கட்டை பெரிதாயின் வேகம் குறைவாக இருத்தல் வேண்டும்.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். பயிருக்கு வாங்கிய கடனையோ நூலுக்கு வைத்த முதலையோ கடைசல் பொறி வாங்கச் செலவிடுதல் தகாது. விதைப்புக்கு வைத்த பணம் பொழுதுபோக்கில் முடங்கினால் தவணை தவறும், வட்டி ஏறும், அடுத்த பருவத்தில் குடும்பமே துன்புறும். ஆர்வமுள்ள உறுப்பினர் ஐவரோ பதின்மரோ ஒன்றுகூடி, மாதந்தோறும் சிறுதொகை சேமித்து, ஒரே பொறியைப் பொதுவில் வாங்கி, முறைவைத்துப் பயன்படுத்தலாம். ஒருவருக்குப் பாரமாவது பலருக்கு எளிதாதல் அன்றோ கூட்டுறவு!

அடுத்த முறை மரம் சாயும்போது, விறகு வியாபாரியை அழைக்குமுன் ஒரு நல்ல கட்டையை எடுத்து நிழலில் வையுங்கள். பொறி வரும்வரை அது காத்திருக்கும்.