காப்பி வாங்காமல் இரண்டு நிமிடம்

2018 ஏப்ரல் 12, வியாழக்கிழமை. பிலடெல்பியா நகரத்தில் ரிட்டன்ஹவுஸ் சதுக்கத்துக்குப் பக்கத்தில், 18-ஆம் தெருவும் ஸ்ப்ரூஸ் தெருவும் சந்திக்கும் முனையில் ஒரு ஸ்டார்பக்ஸ். மாலை 4.35-க்கு இரண்டு கறுப்பின இளைஞர்கள் உள்ளே வந்தார்கள். இருவருக்கும் வயது 23. ரியல் எஸ்டேட் விஷயமாக ஒருவரை 4.45-க்குச் சந்திப்பதாக ஏற்பாடு. இருவரில் ஒருவர் ரெஸ்ட்ரூமைப் பயன்படுத்தலாமா என்று கேட்டார். ஏதாவது வாங்குகிறவர்களுக்கு மட்டும்தான் என்று பதில் வந்தது. சரியென்று போய் நண்பருடன் உட்கார்ந்துவிட்டார். மேலாளர் மேசைக்கே வந்து, என்ன வேண்டும் என்று விசாரித்தார். ஒன்றும் வேண்டாம், ஓர் ஆளுக்காகக் காத்திருக்கிறோம் என்றார்கள். 4.37-க்கு அந்த மேலாளர் 911-ஐ அழைத்துவிட்டார்.

அந்த நாட்களில் நான் டெலவேர் ஆற்றின் இந்தக் கரையில், நியூ ஜெர்சியில், வேறொரு காப்பிக் கடையில் ஏப்ரன் கட்டிக்கொண்டு ஷிஃப்ட் பார்த்துக்கொண்டிருந்தேன். கணவரின் விசாவை ஒட்டிவந்த எச்-4 விசாக்காரி நான். எங்களைப் போன்றவர்கள் வேலை பார்க்க 2015-இல்தான் அனுமதி கிடைத்தது. ஊரில் எம்.காம். படித்தவள் இங்கே பால் நுரைக்க வைக்கிறாளே என்று மாமியாருக்கு வருத்தம். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. அதனால் அந்தச் செய்தியைப் படித்தபோது என் கண் நிறத்துக்கு முன்னால் கடிகாரத்தில்தான் நின்றது. இரண்டு நிமிடத்தில் நாங்கள் ஒரு லாட்டே போட்டு முடித்து, பேர் சொல்லிக் கூப்பிடுவோம். அந்த நேரத்துக்குள் யார் வந்தார், யார் வாங்கினார், யார் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று எந்தக் கடையிலும் ஒருவரும் கணக்குப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டும் என்று நினைத்தால் ஒழிய.

போலீஸ்காரர்கள் வந்தார்கள். வெளியே போகச் சொன்னார்கள். இருவரும் எழுந்திருக்கவில்லை. கைவிலங்கு மாட்டியபோது சத்தம் போடவும் இல்லை. அந்த நேரம் பார்த்து, இவர்கள் யாருக்காகக் காத்திருந்தார்களோ அந்த வெள்ளைக்காரர் உள்ளே வந்து, எதற்காகக் கைது என்று போலீஸாரைக் கேட்டுக்கொண்டே இருந்தார். இன்னொரு வாடிக்கையாளர் எடுத்த வீடியோவில் இதெல்லாம் பதிவானது. உலகம் பார்த்தது அந்த வீடியோவைத்தான். நாங்களும் எதுவும் வாங்காமல்தான் உட்கார்ந்திருந்தோம், எங்களை யாரும் கேட்கவில்லை என்று அங்கிருந்தவர்கள் பின்னால் சொன்னார்கள். கைதான இளைஞர்களில் ஒருவர் 15 வயதிலிருந்து அதே கடைக்குப் போய்வருகிறவர். வழக்குத் தொடரப் போதிய ஆதாரம் இல்லை என்று மாவட்ட வழக்கறிஞர் அலுவலகம் கைவிட்டபிறகு, நள்ளிரவு தாண்டி இருவரையும் விட்டார்கள்.

சட்டத்தில் இதற்கு எப்படி இடம் என்று பலர் கேட்டார்கள். 1964-ஆம் ஆண்டு சிவில் உரிமைச் சட்டப்படி, நிறம், மதம், பிறந்த நாடு பார்த்து ஓர் உணவகம் யாரையும் மறுக்க முடியாது. ஆனால் எதுவும் வாங்காதவரை வெளியே போகச் சொல்லும் உரிமை கடைக்காரருக்கு உண்டு. சொன்னபிறகும் போகாவிட்டால் அது அத்துமீறல் குற்றம். போலீஸைப் பொறுத்தவரை விஷயம் அவ்வளவுதான்: இடத்துக்குப் பொறுப்பானவர் போகச் சொன்னார், இவர் போகவில்லை. ஏன் இவரை மட்டும் போகச் சொன்னீர்கள் என்று கேட்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. ஆக, ‘வாங்கினால்தான் உட்காரலாம்’ என்ற விதி எல்லாக் கடையிலும் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறது. யாருக்காக அதை எழுப்புவது என்பது கவுண்டரில் நிற்கிறவர் கையில்.

2018-க்கு ஐம்பத்தெட்டு வருடங்களுக்கு முன்னால் நிலைமை நேர் தலைகீழ். 1960 பிப்ரவரி 1 அன்று வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில், வுல்வொர்த் கடையின் உணவு கவுண்டரில் நான்கு கறுப்பின மாணவர்கள் உட்கார்ந்து காப்பி கேட்டார்கள். காசு கையில் இருந்தது. கொடுக்கவில்லை. கடை மூடும்வரை அவர்கள் எழுந்திருக்கவும் இல்லை. அன்றைக்குக் காப்பி கேட்டது தப்பு, 2018-இல் கேட்காதது தப்பு.

பிலடெல்பியாவுக்கே இதில் பழைய கதை ஒன்று இருக்கிறது. அந்த ஸ்டார்பக்ஸிலிருந்து நடந்துபோகிற தூரத்தில், 17-ஆம் தெருவில் டூயீஸ் என்று ஓர் உணவகம் இருந்தது. 1965 ஏப்ரலில், தன்பாலின ஈர்ப்பாளர் போலத் தோன்றுகிறவர்களுக்கும், ஆண் பெண் வழக்கத்துக்கு மாறாக உடுத்துகிறவர்களுக்கும் பரிமாற மாட்டோம் என்று திருப்பி அனுப்பினார்கள். அப்படி மறுக்கப்பட்டவர்களில் சில இளம் வயதினர் வெளியேற மறுத்துக் கைதானார்கள். மே 2 அன்று மறுபடி போய் உட்கார்ந்தார்கள். அந்தத் தடவை வந்த போலீஸ் கைது செய்யாமல் திரும்பியது; உணவகம் இறங்கி வந்தது. இப்போது அங்கே மாநில அரசின் வரலாற்றுப் பலகை நிற்கிறது.

2018-க்கு வருகிறேன். நகரத்தின் போலீஸ் கமிஷனர் ரிச்சர்ட் ராஸும் கறுப்பினத்தவர்தான். முதலில், என் ஆட்கள் எந்தத் தவறும் செய்யவில்லை என்று உறுதியாகச் சொன்னார். ஒரு வாரத்தில் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார். அப்போது அவர் சொன்ன ஒரு காரணம் எனக்கு மறக்கவே மறக்காது: ஸ்டார்பக்ஸில் எதுவும் வாங்காமல் மணிக்கணக்கில் உட்காருவது சகஜம் என்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லையாம். சிரிப்பு வந்தது. யோசித்துப் பார்த்தால் சிரிக்க ஒன்றுமில்லை. சும்மா உட்காரலாம் என்பது எங்கேயும் எழுதிவைத்த சட்டமில்லை, புழக்கத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் தெரிந்த சலுகை. நகரத்தின் மொத்தப் போலீஸையும் கையில் வைத்திருந்தவருக்கே அது தெரியவில்லை.

இத்தனைக்கும் உட்காரும் இடத்தை விற்றே வளர்ந்த கம்பெனி அது. அதை வளர்த்தெடுத்த ஹோவர்ட் ஷுல்ட்ஸ் 1983-இல் இத்தாலியின் மிலான் நகரத்துக்குப் போய், அங்கத்து எஸ்பிரஸோ கடைகளில் ஜனங்கள் நின்று பேசிச் சிரிப்பதைப் பார்த்து மயங்கிப் போனவர். 1989-இல் ரே ஓல்டன்பர்க் என்ற சமூகவியலாளர், வீடும் வேலையிடமும் போக மனிதனுக்கு மூன்றாவதாக ஓர் இடம் வேண்டும் என்று புத்தகம் எழுதினார். அந்த ‘மூன்றாவது இடம்’ நாங்கள்தான் என்று ஸ்டார்பக்ஸ் சொல்லிக்கொண்டது. ஓல்டன்பர்க் மனதில் இருந்தது பேச்சுச் சத்தம் நிறைந்த இடம். இன்றைய காப்பிக் கடையில் ஆளுக்கொரு லேப்டாப், காதில் ஹெட்போன்.

அந்த லேப்டாப் இருக்கிறதே, அதுதான் இங்கே பூணூல். கவுண்டருக்குப் பின்னால் நின்று நான் கற்ற பாடம் அது. ஒரு சின்னக் காப்பியோடு காலையில் வந்து மத்தியானம்வரை பிளக் பாயிண்ட் பக்கத்தில் குடியிருப்பவரை நாங்கள் யாரும் ஒன்றும் கேட்க மாட்டோம். பெரிய துணிப்பையோடு ஒருவர் வந்து உட்கார்ந்தால் எல்லார் கண்ணும் ஒரு தரம் அங்கே போய்வரும். என் அப்பா மயிலாடுதுறையிலிருந்து வந்திருந்தபோது, என் ஷிஃப்ட் முடியும்வரை ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பார். மங்கி குல்லா, ஸ்வெட்டர், கையில் பழைய வார இதழ். ஒருநாள் புதிதாகச் சேர்ந்த பையன் என் காதருகே வந்து, அந்தப் பெரியவர் யாரையாவது தேடுகிறாரா என்று கேட்டான். என் அப்பா என்றேன். அவன் முகம் சிவந்துவிட்டது. நல்ல பையன்தான். அப்பாவுக்கு இங்கிலீஷ் போதாது என்றாலும் விஷயம் புரிந்துவிட்டது. “ஒரு காப்பி வாங்கிக் கையில வச்சிக்கிறேம்மா. குடிக்கலேன்னாலும் பரவால்ல, மேசைமேல இருக்கட்டும்” என்றார்.

பெரியவர்கள் விஷயத்தில் நியூயார்க்கில் பெரிய ரகளையே நடந்தது. குவீன்ஸ் பகுதியின் ஃபிளஷிங்கில் ஒரு மெக்டொனால்ட்ஸ். அக்கம்பக்கத்துக் கொரியத் தாத்தா பாட்டிகள் ஒரு காப்பியோ ஒரு சின்ன ஃப்ரைஸோ வாங்கிக்கொண்டு, காலையில் வந்தால் பொழுது சாயும்வரை அங்கேயே இருப்பார்கள். 20 நிமிடத்துக்கு மேல் உட்காரக் கூடாது என்று பலகை வைத்தும் பயனில்லை. கடைக்காரர் போலீஸைக் கூப்பிட்டார். போலீஸ் எழுப்பிவிட்டால் கிழவர்கள் தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்ப வந்து உட்காருவார்கள். 2014 ஜனவரியில் இது பத்திரிகைக்கு வந்து, கொரிய அமைப்புகள் புறக்கணிப்புக்கு அழைப்பு விடுத்தன. கடைசியில் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ரான் கிம் நடுவில் உட்கார்ந்து பேசினார். ஒரு மணி நேரம் வரை இருக்கலாம், 11-இலிருந்து 3 வரை சாப்பாட்டு நேரத்தில் இடம் விட வேண்டும் என்று முடிந்தது.

எனக்கு அந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது. பெருமிதமான கொள்கை எதுவும் அதில் இல்லை, நேரம் மட்டும் இருக்கிறது. யார் கேட்டாலும் கடிகாரத்தைக் காட்டலாம். ஃபிளஷிங்கில் இடைஞ்சல் மணிக்கணக்கில் இருந்தது, அதற்குப் பேச்சுவார்த்தை. பிலடெல்பியாவில் இரண்டே நிமிடம், அதற்குக் கைவிலங்கு.

கைதுக்குப் பிறகு ஸ்டார்பக்ஸ் வேகமாகத்தான் நகர்ந்தது. தலைமைச் செயல் அதிகாரி கெவின் ஜான்சன் அந்த இளைஞர்களை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்டார். எதுவும் வாங்காவிட்டாலும் யாரும் உட்காரலாம், ரெஸ்ட்ரூம் போகலாம் என்று மே மாதம் அறிவித்தார்கள். மே 29 அன்று அமெரிக்காவில் 8,000-க்கும் மேற்பட்ட கடைகளைப் பிற்பகலில் மூடி, சுமார் 1,75,000 ஊழியர்களுக்கு இனப் பாகுபாடு பற்றிப் பயிற்சி கொடுத்தார்கள். அந்த இளைஞர்களோ நகர நிர்வாகத்திடம் ஆளுக்கு ஒரே ஒரு டாலர் வாங்கிக்கொண்டு, இளம் தொழில்முனைவோருக்காக 2,00,000 டாலரில் ஒரு திட்டம் தொடங்கும்படி ஒப்பந்தம் போட்டார்கள். கம்பெனியோடு செய்துகொண்ட உடன்பாடு தனி.

கதவைத் திறந்துவிட்டதன் விலையையும் சொல்ல வேண்டும். கைப்பேசி இருப்பிடத் தரவுகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், மே மாத அறிவிப்புக்குப் பிறகு, பக்கத்துக் கடைகளோடு ஒப்பிட்டால் ஸ்டார்பக்ஸுக்கு வருகிறவர்கள் சுமார் 7 சதவீதம் குறைந்தது தெரிந்தது. வீடற்றோர் காப்பகங்களுக்கு அருகிலுள்ள கடைகளில் இந்தச் சரிவு இன்னும் அதிகம். அதே ஆய்வில் இன்னொன்றும் இருந்தது: அந்தக் கடைகளைச் சுற்றி, பொது இடத்தில் சிறுநீர் கழித்ததற்கான வழக்குகள் குறைந்தன. இரண்டையும் சேர்த்துப் படித்தால், நகராட்சி கட்டியிருக்க வேண்டிய கழிப்பறையை ஒரு காப்பிக் கம்பெனி நடத்திக்கொண்டிருந்தது விளங்கும். அதைச் சுத்தம் செய்தவர்கள் எங்களைப் போன்றவர்கள். எங்கள் கடை ரெஸ்ட்ரூமில் ஒருமுறை ஊசி கிடந்தது. ஒருமுறை உள்ளே போனவர் ரொம்ப நேரம் கதவைத் திறக்கவில்லை. அன்றைக்கு 911-ஐக் கூப்பிட்டது நான்தான், ஆம்புலன்ஸ் வேண்டும் என்று. கூப்பிடவே கூடாது என்று வெளியிலிருந்து சொல்கிறவர்களுக்கு, மூடிய கதவின் முன்னால் நிற்பது எப்படி இருக்கும் என்று தெரியாது.

பாதுகாப்பு இல்லை என்று 2022-இல் ஸ்டார்பக்ஸ் 16 கடைகளை மூடியது. அதில் ஒன்று பிலடெல்பியாவில். 2023-இல், அந்த 2018 கைதை ஒட்டி வேலையிழந்த ஒரு பிராந்திய மேலாளர், தன்னை நீக்கியதற்குத் தான் வெள்ளைக்காரி என்பதும் காரணம் என்று தொடுத்த வழக்கில், 2.56 கோடி டாலர் இழப்பீடு கொடுக்கச் சொல்லி நியூ ஜெர்சியில் ஜூரி தீர்ப்பளித்தது. கைதான இருவரும் நகரத்திடம் வாங்கியது ஆளுக்கு ஒரு டாலர் என்பதை இங்கே ஞாபகப்படுத்தாமல் இருக்க முடியவில்லை.

2025 ஜனவரி 27-இலிருந்து கதவு பழையபடி. புதிய தலைமைச் செயல் அதிகாரி பிரையன் நிக்கோல் வந்தபிறகு, வட அமெரிக்காவில் கம்பெனியே நடத்தும் கடைகளில் வாடிக்கையாளர்களுக்கும் அவர்களுடன் வருபவர்களுக்கும் மட்டும்தான் இடம் என்று நடத்தை விதி ஒட்டியிருக்கிறார்கள். பிச்சை கேட்கக் கூடாது, போதைப்பொருள் கூடாது, சொல்வதைக் கேட்காவிட்டால் போலீஸை அழைப்போம் என்றும் அதில் இருக்கிறது. கூடவே, பீங்கான் கோப்பையில் வாங்கி அங்கேயே உட்கார்ந்து குடித்தால் டிகாஷன் காப்பி இன்னொரு தடவை இலவசம். வந்து உட்காருங்கள், மெதுவாகக் குடியுங்கள் என்று விளம்பரம் வேறு.

வாங்கினால்தான் உட்காரலாம் என்பதில் எனக்குக் கோபம் இல்லை. வாடகை கொடுக்கிற கடைக்கு அது நியாயம்தான். ஆனால் ஃபிளஷிங் ஏற்பாட்டில் இருந்தது போல நிமிடக் கணக்கு எங்காவது தென்படுகிறதா என்று தேடினேன். உள்ளே வந்து எவ்வளவு நேரத்தில் வாங்க வேண்டும், யாரை முதலில் கேட்பது, எப்போது போலீஸ்? இதெல்லாம் இன்னமும் அந்த ஷிஃப்டில் நிற்கிறவர் மனசுக்குத்தான் விட்டிருக்கிறது.

நான் அந்த வேலையை விட்டு வருடங்கள் ஆகின்றன. என்னோடு வேலை பார்த்த ஒரு குஜராத்திப் பெண் இப்போது அங்கேயே மேலாளர். அங்கேயும் இதே மாதிரி விதிதான். போன மாதம் போயிருந்தபோது, நீ யாரைக் கேட்பாய் என்று அவளிடம் விசாரித்தேன். “எல்லாரையும் கேக்க நேரம் எங்கே இருக்கு தீதி? பேசாம உக்காந்திருந்தா தெரியவே தெரியாது. ரெஸ்ட்ரூம் கோட் கேட்டு கவுண்டருக்கு வர்றாங்க பாரு, அவங்கதான் மாட்டுவாங்க” என்றாள். சொல்லிக்கொண்டே அடுத்தவருக்கான ஓட் மில்க் லாட்டேயை எடுத்து வைத்து, பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.