சட்டம் மீறப்பட்டால் வழக்கிடும் உரிமை எவருக்கு?

பழைய டில்லியில், சாந்தினி சௌக்கு வீதியில், டவுன் ஹாலுக்கு எதிரே நெடுங்காலம் ஒரு மணிக்கூண்டு நின்றிருந்தது. 1950-ஆம் ஆண்டில் அது இடிந்து வீழ்ந்ததில் சிலர் மாண்டனர். இன்று அங்கே கூண்டு இல்லை. ஆயினும் பழைய நகரத்தார் அவ்விடத்தைக் 'கண்டா கர்' என்றே வழங்குகின்றனர். மாண்டோரின் உறவினர் தொடுத்த மூன்று வழக்குகள் கீழ்க் கோர்ட்டு, ஹைகோர்ட்டு என்று படியேறி, 1966-இல்தான் சுப்ரீம் கோர்ட்டில் முடிவுற்றன.

பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் குடியேறியிருக்கும் நமக்கு இவ்வழக்கு அறியத்தக்கது. சொந்த ஊரில் என்றால் தெரிந்த வக்கீல் ஒருவர் இருப்பார். யோசனை சொல்ல நாலு பெரியவர்கள் இருப்பர். அயலூரில் ஒரு தீங்கு நேர்ந்தால், "இதையெல்லாம் சர்க்கார் பார்த்துக்கொள்ளும்" என்று சிலர் வாளா இருந்துவிடுகின்றனர். வேறு சிலரோ, "சட்டம் மீறப்பட்டது வெளிப்படை; ஆகவே வழக்கிட்டால் வெற்றி உறுதி" என்று நம்பிக் கைப்பொருளை இழக்கின்றனர். இரண்டும் பொருந்தா. ஒரு சட்டம் மீறப்பட்டது என்பது வேறு. அதற்காக நாம் வழக்கிடலாம் என்பது வேறு. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு எவ்வளவு என்பதை மணிக்கூண்டிலிருந்தே அளந்து பார்க்கலாம்.

முதலாவது, இறந்தவருக்காக உறவினர் வழக்கிட முடியுமா? இன்று நமக்கு இது கேள்வியாகவே தோன்றுவதில்லை. ஆனால், ஆங்கிலேயரின் பழைய பொதுச் சட்டப்படி முடியாது. ஒருவரைக் காயப்படுத்தினால் காயம்பட்டவர் நஷ்ட ஈடு கேட்கலாம். அவர் இறந்துவிட்டாலோ, வழக்கும் அவரோடு மாண்டது. முடமாக்குவதைக் காட்டிலும் கொன்றுவிடுவது மலிவு என்னும் விபரீத நிலை அது. ரயில் வந்து விபத்துகள் பெருகிய பின்னரே, 1846-இல் இங்கிலாந்தில் அதனை மாற்றினர். அதனைப் பின்பற்றி 1855-இல் நம் நாட்டிலும் மரண விபத்துச் சட்டம் இயற்றப்பட்டது. இறந்தவரின் மனைவி, கணவன், பெற்றோர், பிள்ளைகள் ஆகியோரின் நன்மைக்காக வழக்கிடலாம் என்று அச்சட்டம் வெளிப்படையாகவே சொல்லுகிறது. மணிக்கூண்டு வழக்குகளுக்குக் கோர்ட்டின் கதவைத் திறந்துவிட்டது அந்தப் பழஞ்சட்டமே. தாத்தா பாட்டியும் பேரன் பேத்தியும் அதில் அடங்குவர், உடன்பிறந்தார் அடங்கார். தமக்கைக்குப் பணம் அனுப்பிவந்த மணமாகாத இளைஞன் இறந்தால், அத்தமக்கை இச்சட்டத்தின்கீழ் ஈடு பெற இயலாது. மோட்டார் விபத்து மட்டும் இதற்கு விலக்கு. அதற்குரிய தனிச் சட்டத்தின்கீழ் உடன்பிறந்தாரும் கேட்கலாம் என்று 1987-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது.

அடுத்தது, குற்றம் யாருடையது என்பது. கூண்டு நகரசபைக்குச் சொந்தம். கட்டி எண்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அதில் பயன்படுத்திய சுண்ணாம்புச் சாந்தின் தன்மையை நோக்கினால், மேல் அடுக்கின் ஆயுள் நாற்பது நாற்பத்தைந்து ஆண்டுகளே என்று எஞ்சினீயர் ஒருவர் சாட்சி சொன்னார். வெளியே விரிசலோ சாய்வோ தெரியவில்லை, ஆகவே அபாயத்தை அறிய வழியில்லை என்பது நகரசபையின் வாதம். நீதிபதி ராமசுவாமி எழுதிய தீர்ப்பு அதனை ஏற்கவில்லை. பெருவழியை ஒட்டிக் கட்டடம் வைத்திருப்பவர், வழிப்போக்கர்க்கு அதனால் தீங்கு நேராமல் காக்கக் கடமைப்பட்டவர். குறை வெளியே தெரிந்ததா, உள்ளே மறைந்திருந்ததா என்பது பொருட்டன்று. பராமரித்துவரும் கட்டடம் தானே இடிந்து விழாது. விழுந்தது என்பதே அசட்டைக்குச் சான்று, இல்லையென்று காட்டும் பொறுப்பு உடையவரைச் சார்ந்தது.

இதில் ஒன்றை ஊன்றி நோக்கவேண்டும். நகரசபைச் சட்டத்தின் எந்தப் பிரிவு மீறப்பட்டது என்பதில் இத்தீர்ப்பு நிற்கவில்லை. கட்டடத்துக்கு உடையவர் என்ற முறையில், தனி மனிதர் எவருக்கும் உள்ள கடமையே நகரசபைக்கும் உண்டு என்பதில் நின்றது. அந்தக் கூண்டு ஒரு வியாபாரியின் கூண்டாக இருந்தாலும் தீர்ப்பு அதுவே.

சட்டம் புதிதாக ஓர் உரிமையைப் படைக்கும்போது என்ன செய்வது என்பதற்கு, 1859-இல் இங்கிலாந்து நீதிபதி வில்ஸ், ஒரு குடிநீர்க் கம்பெனியின் வழக்கில் ஒரு பாகுபாடு கூறினார். நம் கோர்ட்டுகள் இன்றும் அதனை எடுத்தாளுகின்றன. பழைய உரிமை ஏற்கெனவே இருக்க, சட்டம் மற்றொரு பரிகாரத்தையும் சேர்த்தால், பாதிக்கப்பட்டவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். வழக்கிடும் உரிமையைத் தந்துவிட்டு வழியைச் சொல்லாமல் விட்டால், சாதாரண சிவில் கோர்ட்டுக்குப் போகலாம். உரிமையையும் புதிதாகப் படைத்து, அதற்குரிய வழியையும் சட்டமே வகுத்துவிட்டால், அந்த வழியில்தான் போகவேண்டும். வேறு வழி அடைபட்டது.

இக்கடைசி விதியை நம் நாட்டில் நிலைநாட்டியது நாமக்கல்லிலிருந்து வந்த வழக்கு என்பது நம்மவர் பலருக்குத் தெரியாது. குடியரசின் முதல் பொதுத் தேர்தலில், சென்னைச் சட்டசபைக்கு நாமக்கல் தொகுதியில் நிற்க முனைந்த பொன்னுசாமி என்பவரின் வேட்புமனு தள்ளப்பட்டது. அவர் ஹைகோர்ட்டை நாடினார். அங்கே தோற்று, சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1952 ஜனவரியில் வந்த தீர்ப்பின் சாரம் இது: வேட்பாளராக நிற்கும் உரிமை சட்டம் படைத்த உரிமை, அதற்குப் பரிகாரம் தேர்தல் முடிந்தபின் தொடுக்கும் தேர்தல் மனு என்று அச்சட்டமே சொல்லிவிட்டது, ஆகவே இடையில் வேறு கோர்ட்டைத் தட்டுவதற்கில்லை. வேட்பாளருக்கு அது கசப்பான மருந்துதான். தேர்தலோ தடையின்றி நடந்தது.

வாடகை வீட்டில் குடியிருப்போர்க்கும் இதே கதைதான். வீட்டுக்காரர் தண்ணீரையோ விளக்கையோ நிறுத்திவிட்டால், 1958-ஆம் ஆண்டின் டில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவின்கீழ் வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் மனுச் செய்யலாம். அவர் தீர்க்கவேண்டிய விஷயங்களைச் சிவில் கோர்ட்டு விசாரிக்கலாகாது என்று 50-ஆம் பிரிவு தடுக்கிறது. ஆனால், மாத வாடகை 3,500 ரூபாய்க்கு மேற்பட்ட வீடுகளுக்கு 1988-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் இச்சட்டமே பொருந்தாது. அவ்வளவுக்குக் குறைந்த வாடகையில் இன்று டில்லியில் புதிதாக வீடு கிடைப்பது அரிது. ஆகவே, ஒரே தெருவில் பழைய குடித்தனக்காரர் ஒரு வாசலுக்கும் புதியவர் இன்னொரு வாசலுக்கும் போகவேண்டியவராகின்றனர். வாசல் தவறினால் வழக்கின் நியாயத்தைக் கேட்பார் இல்லை. நுகர்வோர் சட்டமோ இதற்கு மாறானது. பிற சட்டங்கள் தரும் உரிமைக்குக் கூடுதலாகத் தான் ஒரு வழி தருவதாக அது சொல்லிக்கொள்கிறது.

இதுவரை கூறியவை, சட்டம் வாய் திறந்து பேசும் இடங்கள். அது மௌனம் சாதிக்கும் இடங்களில்தான் சங்கடம். "இன்ன அதிகாரி இன்னது செய்க" என்று கடமையை விதித்துவிட்டு, செய்யாவிட்டால் யார் கேட்கலாம் என்பதைச் சொல்லாமல் விடும் சட்டங்கள் மிகப் பல. அங்கே கோர்ட்டு ஒரு கேள்வி கேட்கும்: அந்தக் கடமை யாருக்குச் செலுத்தவேண்டிய கடமை? நாட்டு மக்கள் அனைவர்க்கும் பொதுவானதா, குறிப்பிட்ட ஒரு சாராரைக் காக்கவென்றே ஏற்பட்டதா? 1898-இல் இங்கிலாந்தில் இரும்பாலைச் சிறுவன் ஒருவன், வேலியிடப்படாத இயந்திரத்தில் சிக்கிக் கையை இழந்தான். வேலியிடாத முதலாளிக்கு அபராதம் என்று மட்டுமே தொழிற்சாலைச் சட்டம் சொல்லியிருந்தது. ஆயினும், அச்சட்டம் தொழிலாளரைக் காக்கவென்றே பிறந்தது. ஆதலின் அச்சிறுவன் வழக்கிடலாம் என்று தீர்ப்பாயிற்று.

இதே கேள்வி நம் நாட்டில் சாலை மரத்தின் வடிவில் வந்தது. 1975-இல் ராஜ்கோட்டில் நடைபாதையில் அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவர் மீது மரம் விழுந்து அவர் இறந்தார். மரம் வளர்ப்பதும் காப்பதும் மாநகராட்சிக்குச் சட்டம் இட்ட கடமை. கீழ்க் கோர்ட்டுகள் குடும்பத்தார்க்கு ஈடு அளித்தன. 1997-இல் சுப்ரீம் கோர்ட்டு அதனை ரத்துச் செய்தது. மரம் பற்றிய கடமை ஊருக்குச் செய்யும் பொதுக் கடமை. அதில் தவறினால் தனியொருவர் நஷ்ட ஈடு கேட்கும் உரிமை தானாகவே பிறந்துவிடாது என்றது. இரண்டே ஆண்டுகள் கழித்து, 1999-இல், டில்லி மரம் ஒன்று அதே கோர்ட்டுக்கு வந்தது. 1964-இல் ஸ்கூட்டரில் சென்ற ஒருவர் தலையில் கிளை முறிந்து விழுந்து அவர் இறந்த வழக்கு அது. இங்கே குடும்பத்தார் வென்றனர். அம்மரம் பட்டையும் இலையும் உதிர்ந்து பட்டுப்போய் நின்ற மரம். கண்ணுள்ளார் எவரும் காணத்தக்க அபாயத்தை வழியோரத்தில் வைத்திருந்தமைக்கு மாநகராட்சி பொறுப்பேற்க நேர்ந்தது. வழக்கு முடியும்போது முப்பத்தைந்து ஆண்டுகள் கழிந்திருந்தன.

இவ்வேறுபாட்டை இன்னும் கூர்மையாகக் காட்டியது உப்ஹார் வழக்கு. 1997 ஜூன் 13-ஆம் நாள், டில்லி கிரீன் பார்க்கில் உள்ள உப்ஹார் சினிமாக் கொட்டகையில் தீப்பற்றி 59 பேர் மாண்டனர். நூற்றுவர்க்கு மேல் காயமுற்றனர். தரைத்தளத்தில் வைத்திருந்த மின்சார வாரியத்தின் டிரான்ஸ்பார்மரிலிருந்து தீ கிளம்பியது, புகை மேலேறியது. மாடியில் இருந்தோர் தப்பிச் செல்லவேண்டிய வழியை அதிகப்படியான நாற்காலிகள் அடைத்திருந்தன. அந்நாற்காலிகளுக்கு அனுமதி தந்தது லைசென்ஸ் வழங்கும் அதிகாரமே. உறவினரை இழந்தோர் சங்கமாகத் திரண்டு டில்லி ஹைகோர்ட்டில் ரிட் மனுத் தாக்கல் செய்தனர். 2003-இல் ஹைகோர்ட்டு, கொட்டகைக்காரர்கள் 55 பங்கும், மின்சார வாரியம், மாநகராட்சி, லைசென்ஸ் அதிகாரம் ஆகிய மூன்றும் தலைக்கு 15 பங்கும் ஈட்டுத் தொகையை ஏற்கவேண்டும் எனத் தீர்ப்பளித்தது. 2011-இல் சுப்ரீம் கோர்ட்டு, மாநகராட்சியையும் லைசென்ஸ் அதிகாரத்தையும் விடுவித்தது. சட்டப்படி மேற்பார்வை செய்யும் அதிகாரிகள் தம் கடமையில் அசட்டையாக இருந்தார்கள் என்பது மட்டும் போதாது; கெட்ட எண்ணமோ, தெரிந்தே செய்த அதிகாரத் துஷ்பிரயோகமோ இருந்தாலன்றி அவர்கள் ஈடு தரவேண்டியதில்லை என்றது. கொட்டகைக்காரர் 85 பங்கு, மின்சார வாரியம் 15 பங்கு என்று முடிந்தது. இருபது வயதுக்கு மேற்பட்டவரின் மரணத்துக்கு ஹைகோர்ட்டு விதித்த 18 லட்சம் ரூபாய் 10 லட்சமாகவும், இளையோர்க்கு விதித்த 15 லட்சம் ஏழரை லட்சமாகவும் குறைந்தன.

மின்சார வாரியம் ஏன் தப்பவில்லை? டிரான்ஸ்பார்மரைக் கையில் வைத்துப் பராமரித்தது அவ்வாரியமே. மணிக்கூண்டை வைத்திருந்த நகரசபை நின்ற இடத்தில் அது நின்றது. பொருளைக் கையில் வைத்திருப்பவன் நமக்குப் பதில் சொல்லவேண்டும். பார்வையிட மட்டும் சட்டம் நியமித்தவன், பொதுமக்களுக்கும் சட்டசபைக்கும் பதில் சொல்லுவான், நமக்குத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை. இதுவே இன்றைய நிலை. இதற்கு ஒரு நியாயமும் உண்டு. பரிசோதகர் செய்யத் தவறிய ஒவ்வொன்றுக்கும் பொதுப்பணத்திலிருந்து ஈடு தருவதென்றால், நகரசபைகள் வேறு எதற்கும் செலவிட இயலாது. எனினும், வெளிவழியை அடைக்கும் நாற்காலிகளுக்குக் கையெழுத்திட்டுக் கொடுத்த அதிகாரத்தை, வெறுமனே பார்க்கத் தவறியவரோடு ஒன்றாக வைப்பது நமக்கு உடன்பாடன்று. கோர்ட்டுகள் ஊகித்துக் காணவேண்டிய இவ்விஷயத்தைச் சட்டம் இயற்றுவோரே ஒரு வரியில் எழுதிவிடலாம். இக்கடமை மீறப்பட்டால் பாதிக்கப்பட்டவர் வழக்கிடலாம் என்றோ, வழக்கிடலாகாது என்றோ எழுதினால் போதும். 1855-இல் அவ்வாறு எழுதத் தெரிந்திருந்தது.

வழக்கிட உரிமை இருந்தும் நாட்கணக்கில் அதனை இழப்பவர் பலர். மரண விபத்துச் சட்டத்தின்கீழ் வரும் வழக்குக்கு, இறந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளே கெடு. டில்லி மாநகராட்சி அதன் சட்டப்படி செய்த செயல் குறித்து வழக்கிடுவதானால், 1957-ஆம் ஆண்டின் மாநகராட்சிச் சட்டத்தின் 478-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். எழுத்துமூலம் நோட்டீஸ் கொடுத்து இரண்டு மாதம் காத்திருக்கவேண்டும். காரணம் நேர்ந்த ஆறு மாதத்துக்குள் வழக்கைத் தொடுத்தும் ஆகவேண்டும். ஆக, நோட்டீஸ் கொடுப்பதற்குக் கையில் இருப்பது நான்கே மாதம். தடையுத்தரவு மட்டும் கேட்கும் அவசர வழக்குகளுக்கு நோட்டீஸ் விதிவிலக்கு உண்டு.

எந்த ஊரில் வழக்கிடுவது என்பதில் நம் போன்றோர்க்குச் சில ஆண்டுகளாக ஓர் அனுகூலம் கிட்டியிருக்கிறது. 1986-ஆம் ஆண்டின் நுகர்வோர் சட்டப்படி, விற்றவர் இருக்கும் இடத்திலோ காரணம் நேர்ந்த இடத்திலோதான் முறையிடவேண்டும். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டம், முறையிடுபவர் குடியிருக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ உள்ள ஆணையத்திலும் முறையிடலாம் என்கிறது. சென்னைக் கடைக்காரர் அனுப்பிய பழுதான இயந்திரத்துக்காக, கரோல் பாகில் இருப்பவர் சென்னைக்கு ரயில் ஏறவேண்டியதில்லை. மோட்டார் விபத்துக்கும் அவ்வாறே. திருச்சி நெடுஞ்சாலையில் அடிபட்டவர் டில்லியில் குடியிருந்தால், டில்லியில் உள்ள விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலேயே மனுப் போடலாம்.