மூணு நாள் மாத்திரை

ஐப்பசி மழை பிடித்துவிட்டால், நான் மருந்தாளுநராக இருக்கும் கடையில் அதிகம் பேர் கேட்பது 'மூணு நாள் மாத்திரை'. அசித்ரோமைசின் என்ற அந்த ஆன்டிபயாடிக்கின் பெயர் பலருக்கு வாயில் நுழையாது. தினம் ஒன்றாக மூன்று நாள் என்ற கணக்கு மட்டும் எல்லோருக்கும் மனப்பாடம்.

"சளி பச்சையா வருதும்மா. அந்த மூணு நாள் மாத்திரை குடு" என்றார் ஒரு பெரியவர். "டாக்டர் சீட்டு இருக்காங்கய்யா?" என்றேன். "சீட்டு எதுக்கு? போன தடவை இதைப் போட்டுத்தானே சரியாச்சு!"

சரியானது உண்மை. மாத்திரையால் ஆனதா என்பதுதான் கேள்வி. சளி, தொண்டை வலி, இருமல் ஆகியவற்றில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும். வைரஸை ஒன்றும் செய்யாது. சளி இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், பிறகு தானாகவே இறங்கும். பொறுக்க முடியாமல் கடைக்கு வருவதும் அந்த உச்ச நாளில்தான். உடம்பு தானே தேறியதற்கு மாத்திரை பெயர் வாங்கிக்கொள்கிறது. பச்சை நிறமும் பாக்டீரியாவுக்கு அத்தாட்சி இல்லை. கிருமியை எதிர்க்க வந்த வெள்ளணுக்களில் இருக்கும் ஒரு நொதியின் நிறம் அது. இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம்கூட இழுக்கும்.

"போட்டால் என்ன குறைந்துவிடும்?" என்கிறார்கள். நம் தொண்டையிலும் குடலிலும் எப்போதும் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. அசித்ரோமைசின் கடைசி மாத்திரைக்குப் பிறகும் பல நாள் உடம்பில் தங்கும். மருந்துக்கு மடிபவை மடிய, தாக்குப்பிடித்தவை பெருகும். அந்தத் திறனுக்கான மரபணுவை வேறு பாக்டீரியாக்களுக்கும் கடத்திவிடும். அவை வீட்டில் இருக்கும் குழந்தைக்கும் தொற்றும்.

2016-ல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் பரவத் தொடங்கிய டைபாய்டு, வழக்கமான மருந்துகள் எதற்கும் அசையவில்லை. வாய்வழி மருந்துகளில் நம்பிக் கொடுக்க முடிந்தது அசித்ரோமைசின் ஒன்றைத்தான். அப்படி உயிர் காக்கும் மருந்தைத்தான் சளிக்குச் செலவழிக்கிறோம். மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாவால் 2019-ல் மட்டும் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள்.

மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். ஓரத்தில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால், அது சீட்டு இல்லாமல் தரக்கூடாத மருந்து. 2016-ல் மத்திய அரசு இதை மக்களிடம் கொண்டுபோனது. செஃபிக்ஸிம் போன்ற சில ஆன்டிபயாடிக்குகளை விற்றால் நோயாளி பெயர், மருத்துவர் பெயர், அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

பெரியவருக்குப் பாராசிட்டமால் கொடுத்து, வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொன்னேன். எப்போது மருத்துவரிடம் ஓட வேண்டும் என்பதையும் சொன்னேன்: மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், விட்ட காய்ச்சல் திரும்பினால். ஒரு வயதுக்கு மேல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை நிமிடத்துக்கு 40 தடவையோ அதற்கு மேலோ மூச்சு விட்டாலும், விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும் தாமதிக்கவே கூடாது.

நிமோனியா என்று மருத்துவர் எழுதித் தந்தால் அந்த ஆன்டிபயாடிக்கைத் தயங்காமல் போடுங்கள். சொன்ன அளவில், சொன்ன நாள்வரை. அன்றைக்கு அது வேலை செய்ய வேண்டும் என்பதற்காகத்தான் இன்றைக்குச் சளிக்குத் தர மறுக்கிறேன்.