மூலக்கூறைத் தட்டிப் பார்க்கும் எலக்ட்ரான்

செம்புப் பரப்பின் மேல் ஒரே ஒரு மூலக்கூறு உட்கார்ந்திருக்கிறது. ஸ்கேனிங் டனலிங் மைக்ராஸ்கோப்பில் அது ஒரு சின்ன மேடாகவோ பள்ளமாகவோ தெரியும். சரி, அது அசிட்டிலீனா, வேறு ஏதாவதா? படத்தை மட்டும் வைத்துச் சொல்வது கஷ்டம். அதற்கு எலக்ட்ரான் வழியில் இழந்த ஆற்றலைக் கணக்குப் பார்க்க வேண்டும்.

கருவியின் ஊசிமுனைக்கும் உலோகத்துக்கும் நடுவில் சில ஆங்ஸ்ட்ராம் இடைவெளிதான். அதை எலக்ட்ரான் குவாண்டம் முறையில் ஊடுருவிக் கடக்கிறது. இதுதான் டனலிங். பெரும்பாலான எலக்ட்ரான்கள் ஆற்றல் எதையும் இழக்காமல் அந்தப் பக்கம் போய்விடும். அபூர்வமாக ஒன்று வழியிலிருக்கும் மூலக்கூறை அதிரவைத்து, அதற்கான ஆற்றலைக் கொடுத்துவிட்டுப் போகும்.

இங்கே ஒரு நிபந்தனை இருக்கு. மூலக்கூறின் அதிர்வு ஆற்றலைச் சில்லறையாக வாங்காது, முழுத் தவணையாகத்தான் வாங்கும். கொடுத்த பிறகும் எலக்ட்ரானுக்கு எதிர்ப்பக்க உலோகத்தில் காலி இடம் வேண்டும். கீழ்மட்ட இடங்கள் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். அதனால் வோல்டேஜ் அந்தத் தவணையைத் தொடும்வரை இந்த வழி மூடியே இருக்கும். தொட்டதும் கூடுதலாக ஒரு வழி திறக்கும். மின்னோட்டத்தின் சரிவு லேசாக மாறும். இரண்டாம் வகைக்கெழுவை வரைந்தால் அந்த இடத்தில் ஒரு முகடு தெரியும்.

ஜாக்லெவிக், லாம்ப் இருவரும் 1966-லேயே ஃபோர்டு கம்பெனி ஆய்வகத்தில் இதைக் கண்டுவிட்டார்கள். ஆனால் அது ஆக்சைடு படலத்தில் சிக்கிய எக்கச்சக்கமான மூலக்கூறுகளின் கூட்டுக்குரல். ஒற்றை மூலக்கூறின் குரலை 1998-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஸ்டைப், ரெசாய், ஹோ மூவரும் பிரித்துக் கேட்டார்கள். செம்பின் மேல் அசிட்டிலீன், வெப்பநிலை 8 கெல்வின். முகடு 358 மில்லிவோல்ட்டில் வந்தது. அது கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பு நீண்டு சுருங்கும் அதிர்வு.

எப்படி நம்புவது? ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் போட்டார்கள். முகடு 266-க்கு இறங்கியது. விகிதம் 1.35. பிணைப்பை ஸ்பிரிங்காக நினைத்து, இரு அணுக்களின் நிறையை வைத்துப் போட்டால் 1.36 வருகிறது. பள்ளிக்கூடத்து ஸ்பிரிங் கணக்கு ஒற்றை மூலக்கூறுக்கும் பொருந்துது!

இவ்வளவு குளிர் ஏன்? வெப்பத்தால் முகடு சுமார் 5.4 kT அகலத்துக்குப் பரவும். அறை வெப்பநிலையில் அது 140 மில்லிவோல்ட். 8 கெல்வினில் 4-க்கும் கீழே. 358-க்கும் 266-க்கும் வித்தியாசமே 92தான். அறை வெப்பநிலையில் இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

இன்னொரு விஷயமும் தெரியவந்தது. அதே 358-ஐத் தாண்டினால் அசிட்டிலீன் செம்பின் மேல் திரும்பும் வேகம் சட்டென்று எகிறுகிறது. டியூட்டீரியம் வகைக்கு அதே எகிறல் 266-ல். பிணைப்புக்குக் கொடுத்த ஆற்றலில் கொஞ்சம் சுழற்சிக்குக் கசிகிறது.

ஒரு நானோஆம்பியர் என்றால் சராசரியாக 160 பிகோசெகண்டுக்கு ஒரு எலக்ட்ரான். உலோகத்தின் மேல் இப்படிப்பட்ட அதிர்வோ சில பிகோசெகண்டில் அடங்கிவிடும். அடுத்த எலக்ட்ரான் வருவதற்குள் முந்தையதன் தடமே இருக்காது. ஆக, மூலக்கூறைத் திருப்ப ஒரே எலக்ட்ரானின் தட்டல் போதும்.

அதாவது, எந்த வோல்டேஜில் மூலக்கூறு தன்னை அடையாளம் காட்டுகிறதோ, அதே வோல்டேஜில்தான் அது திரும்பும் வேகமும் எகிறுகிறது. சும்மா படம் மட்டும் எடுக்க வேண்டுமென்றால் வோல்டேஜை அதற்குக் கீழேயே வைத்துக்கொள்வது நல்லது.