21 நாள் காத்திருப்பு: கோழி வெல்லுமா, கருவி வெல்லுமா?

ஒரு புதிருடன் தொடங்குவோம். ஒரு நாட்டுக்கோழி ஏறக்குறைய நாளுக்கு ஒன்றாகப் பத்து முட்டைகள் இட்டுவிட்டு அடை உட்காருகிறது. முதல் முட்டைக்கும் கடைசி முட்டைக்கும் ஒன்பது, பத்து நாள் வயது வித்தியாசம் உண்டு. ஆனாலும் குஞ்சுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே நாளில் வெளியே வருகின்றன. எப்படி?

விடையைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் எங்கள் கதையைக் கேளுங்கள். சென்ற ஆண்டு பிறையில் எங்கள் அறிவியல் கழக மாணவர்கள் ஒரு பரிசோதனை செய்தார்கள். ஒரே வீட்டுக் கோழிகள் இட்ட 20 முட்டைகளைச் சேகரித்தோம். பத்தை என் அத்தை வீட்டு அடைக்கோழியிடம் வைத்தோம். மற்ற பத்தை ஆய்வுக்கூடத்தில், மின்விளக்கும் விசிறியும் பொருத்திய ஓர் அடைகாப்புப் பெட்டியில் வைத்தோம். 21 நாளுக்குப் பிறகு கோழி 9 குஞ்சுகளுடன் எழுந்தது. எங்கள் பெட்டியிலோ 6 குஞ்சுகள்தாம்.

பத்து முட்டைகளை வைத்துப் பெரிய முடிவு எதுவும் எடுக்க முடியாது. மாதிரி எண்ணிக்கை மிகச் சிறியது. ஆனால் பொரிக்காத நான்கு முட்டைகளும் எங்களுக்கு நல்ல பாடம் சொல்லிக் கொடுத்தன.

உறங்கும் கரு

இப்போது புதிருக்கு வருவோம். கருவுற்ற முட்டை கோழியின் உடலைவிட்டு வெளியே வரும்போதே அதனுள் பல ஆயிரம் உயிரணுக்கள் இருக்கின்றன. வெளியே வந்ததும் முட்டை குளிர்கிறது, கருவின் வளர்ச்சியும் தணிகிறது. ஏறக்குறைய 20 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் வளர்ச்சி நின்றே போகும். கரு சாவதில்லை, காத்திருக்கிறது. கோழி அடை உட்கார்ந்து சூடு கொடுக்கும்போது எல்லாக் கருக்களும் ஒன்றாக விழித்துக்கொள்கின்றன. 21 நாள் கணக்கு அன்றுதான் தொடங்குகிறது.

நம் பினாங்கில் ஒரு சிக்கல் உண்டு. நம் சமையலறை வெப்பம் 28, 30 டிகிரி. அந்த வெப்பத்தில் கரு முழுமையாக உறங்காது, ஒழுங்காக வளரவும் செய்யாது. தடுமாறித் தடுமாறிப் பலவீனமாகிவிடும். அதனால்தான் குஞ்சு பொரிக்கும் பண்ணைகளில் முட்டைகளை 15 முதல் 18 டிகிரி வரை குளிர்ந்த அறையில் வைத்து, ஒரு வாரத்துக்குள் அடை வைக்கிறார்கள். வீட்டுக் குளிர்பெட்டி இதற்கு ஆகாது. அதன் 4 டிகிரி குளிர் மிக அதிகம்.

கடையில் வாங்கும் முட்டையை வைக்கலாமா என்று என் மாணவர் ஒருவர் கேட்டார். முட்டைப் பண்ணைகளில் சேவல் வளர்ப்பதில்லை. சேவல் சேராமல் இட்ட முட்டையில் கரு இல்லை. அதை எத்தனை நாள் சூடாக்கினாலும் கூமுட்டைதான்.

கோழி செய்யும் வேலை

அடைக்கோழி சும்மா உட்கார்ந்திருப்பதுபோல் தெரியும். உண்மையில் அதன் உடலில் புரோலாக்டின் என்ற இயக்குநீர் சுரந்து முட்டையிடுவதை நிறுத்திவிடுகிறது. வயிற்றுப் பக்கத்தில் சிறகுகள் உதிர்ந்து வெறும் தோல் வெளிப்படுகிறது. சூடான அந்தத் தோல் முட்டையை நேராகத் தொடும். கோழி அலகால் முட்டைகளை அடிக்கடி உருட்டி, ஓரத்தில் இருப்பதை நடுவுக்குத் தள்ளும். நாளுக்கு ஒருமுறை எழுந்து தீனி தின்று, தண்ணீர் குடித்து, எச்சமிட்டுவிட்டுச் சுமார் 20 நிமிடத்தில் திரும்பிவிடும். அந்தச் சிறிய இடைவெளியில் முட்டை கொஞ்சம் குளிர்ந்தாலும் கெட்டுப்போவதில்லை.

கருவி இதே வேலைகளைத்தான் செய்ய வேண்டும்: வெப்பம், ஈரப்பதம், காற்றோட்டம், உருட்டுதல். விசிறி உள்ள கருவியில் 37.5 டிகிரி வெப்பம் தேவை. முட்டையை நாளுக்குக் குறைந்தது மூன்று முறை, 18ஆம் நாள்வரை திருப்ப வேண்டும். திருப்பாவிட்டால் கரு ஓட்டின் உட்சவ்வில் ஒட்டிக்கொள்ளும்.

இது புதிய கண்டுபிடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். எகிப்தியர்கள் 2,000 ஆண்டுகளுக்கும் மேலாக மண் அடுப்பு அறைகளில் ஆயிரக்கணக்கான முட்டைகளைப் பொரிக்க வைத்திருக்கிறார்கள். வெப்பமானி இல்லாமல், முட்டையைக் கண்ணிமையில் வைத்துப் பார்த்தே சூட்டை அறிவார்களாம். பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர் 1749இல் இந்த அடுப்புகளைப் பற்றி விரிவாக எழுதினார்.

ஈரப்பதக் கணக்கு

எங்களை ஏமாற்றியது ஈரப்பதம்தான். "நம் ஊரில்தான் ஈரப்பதம் 80 விழுக்காடாயிற்றே, எதற்குத் தண்ணீர் வைக்க வேண்டும்?" என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் சூடான காற்றால் அதிக நீராவியைத் தாங்க முடியும். 27 டிகிரியில் 80 விழுக்காடு ஈரப்பதம் உள்ள காற்றைப் பெட்டிக்குள் 37.5 டிகிரிக்குச் சூடாக்குங்கள். நீராவியின் அளவு மாறவில்லை, ஆனால் ஒப்பு ஈரப்பதம் ஏறக்குறைய 44 விழுக்காடாகக் குறைந்துவிடும். முட்டைக்குத் தேவை 50 முதல் 55 விழுக்காடு. ஆகவே கொஞ்சம் தண்ணீர் போதும். நாங்கள் பயந்துபோய்ப் பெரிய தட்டு நிறையத் தண்ணீர் வைத்துவிட்டோம்.

அதனால் என்ன கெட்டது? முட்டை ஓட்டில் பல ஆயிரம் நுண்துளைகள் உள்ளன. ஆக்சிஜன் உள்ளே போவதும், கரியமில வாயுவும் நீராவியும் வெளியே வருவதும் அவற்றின் வழியாகத்தான். 18 நாளில் முட்டை தன் எடையில் 12, 13 விழுக்காட்டை நீராக இழக்க வேண்டும். அடை வைக்கும்போது 60 கிராம் இருந்த முட்டை அப்போது 52, 53 கிராம் இருக்க வேண்டும். இழந்த நீரின் இடத்தில்தான் முட்டையின் அகன்ற முனையில் காற்றறை விரியும். குஞ்சு தன் முதல் மூச்சை இழுப்பது அந்தக் காற்றறையில்தான். ஈரம் மிகுந்தால் காற்றறை சிறிதாகிவிடும். எங்கள் முட்டைகளில் ஒன்று அப்படித்தான் போனது. சமையலறைத் தராசு ஒன்றை முதல் நாளிலிருந்தே வைத்திருந்தால் அதைக் கண்டுபிடித்திருப்போம்.

இன்னும் இரண்டு முட்டைகளின் கதை சுருக்கமானது. ஏழாம் நாள் இருட்டறையில் முட்டைக்குப் பின்னால் விளக்கைப் பிடித்தோம். நல்ல முட்டையில் சிலந்தி வலைபோல் இரத்தநாளங்கள் தெரிந்தன. ஒன்றில் எதுவும் இல்லை, அது கருவுறாத முட்டை. இன்னொன்றில் சிவப்பு வளையம் மட்டும் இருந்தது. கரு முதல் சில நாள்களிலேயே இறந்திருந்தது.

நான் செய்த பிழை

நான்காவது முட்டையைப் பற்றிச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. 21ஆம் நாள் காலை முதல் குஞ்சு வெளியே வந்தது. ஆய்வுக்கூடமே ஆரவாரம். மாணவர்கள் படம் எடுக்கட்டும் என்று பெட்டியின் மூடியை மூன்று முறை திறந்தேன். அப்போது இன்னொரு முட்டையில் குஞ்சு சிறு துளை மட்டும் போட்டிருந்தது. வெளியேறிய ஈரக்காற்று அதற்குத்தான் தேவைப்பட்டது. சவ்வு உலர்ந்து குஞ்சின்மேல் இறுகிப் பிடித்துக்கொண்டது. அதனால் உள்ளே சுழல முடியவில்லை. மாலையில் அது இறந்துவிட்டது. கடைசி மூன்று நாள் ஈரப்பதம் 65 முதல் 70 விழுக்காடு வேண்டும், மூடியைத் திறக்கக்கூடாது என்பதை நான் படித்திருந்தேன். படித்தது மட்டும் போதவில்லை.

துளை போட்ட குஞ்சு பிறகு பல மணி நேரம் அசையாமல் கிடப்பதைப் பார்த்துப் பலர் பதறி ஓட்டை உரித்துவிடுவார்கள். அதுவும் ஆபத்து. அந்நேரத்தில்தான் சவ்விலுள்ள இரத்தம் குஞ்சின் உடலுக்குத் திரும்புகிறது, மீதமுள்ள மஞ்சள்கரு வயிற்றுக்குள் போகிறது. அந்த மஞ்சள்கருவே குஞ்சுக்கு இரண்டு நாள் சோறு. ஆகவே வெளிவந்த குஞ்சு நன்கு உலரும்வரை பெட்டியிலேயே இருக்கலாம், அவசரமே இல்லை. அடைக்கோழியும் மற்ற முட்டைகளுக்காகக் காத்திருக்கிறதல்லவா?

இடியும் மின்தடையும்

என் பாட்டி அடைக்கூடையில் ஓர் இரும்புத் துண்டைப் போட்டு வைப்பார். இடி இடித்தால் முட்டை கெட்டுவிடுமாம். இடிச் சத்தம் கருவைக் கொல்லும் என்பதற்குச் சான்று இல்லை. ஆனால் இடிமழையில் மின்சாரம் போனால் என் பெட்டிக்கு உண்மையிலேயே ஆபத்து! அப்போது மூடியைத் திறக்காமல் போர்வையால் சுற்றி வையுங்கள், காற்றுத் துளைகளை மட்டும் மூடாதீர்கள். சில மணி நேரக் குளிர்ச்சியை வளர்ந்த கரு தாங்கும். 40 டிகிரியைத் தாண்டும் சூட்டை அது தாங்காது.

முட்டை என்றாலே ஒரே விதி என்றும் எண்ண வேண்டாம். பினாங்குத் தேசியப் பூங்காவின் பந்தாய் கெராச்சுட் கடற்கரையில் கடலாமை முட்டைகளைப் பாதுகாத்துப் பொரிக்க விடுகிறார்கள். கோழி முட்டையைத் திருப்பாவிட்டால் கரு கெடும். ஆமை முட்டையை, கரு ஓட்டில் ஒட்டிய பிறகு திருப்பினால் கரு சாகும். ஆமையில் மணலின் சூடு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கும், சூடு கூடினால் பெண் குஞ்சுகள் கூடும். கோழியில் அதைத் தாயின் நிறப்புரி முடிவு செய்துவிடுகிறது. நீள முட்டை சேவல், உருண்டை முட்டை பெட்டை என்பது வெறும் பேச்சு.

நீங்கள் தொடங்கும் முன்

முயன்று பார்க்க ஆசை வந்துவிட்டதா? முதலில் ஒரு கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: பொரித்த குஞ்சுகள் எங்கே வளரும்? பாதிக் குஞ்சுகள் சேவலாக இருக்கும், விடியற்காலையில் கூவும். அடுக்குமாடி வீட்டில் அது சரிவராது. நாங்கள் ஆறு குஞ்சுகளையும் அத்தை வீட்டுக்கே கொண்டுபோனோம். முட்டையையும் குஞ்சையும் தொட்டபின் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். சால்மொனெல்லா கிருமி இருக்கலாம்.

இடமும் பெற்றோர் அனுமதியும் கிடைத்தால், முதல் நாளே ஒவ்வொரு முட்டைக்கும் பென்சிலால் எண் எழுதி, எடை பார்த்துக் குறிப்பேட்டில் பதியுங்கள். 18ஆம் நாள் மூடியை மூடியதும் உங்கள் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். இந்த ஆண்டு நாங்களும் மீண்டும் முயலப் போகிறோம். பெட்டியின் மூடியில் மாணவர்கள் இப்போதே ஒரு தாளை ஒட்டிவிட்டார்கள்: "ஆசிரியர் உட்பட யாரும் திறக்கக்கூடாது."